'ரீட்' என்னும் ஆங்கிலச் சொல் நடந்து வந்த வழி

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் சிறுவனுக்கு முதன்முதலில் கற்பிக்கப்படும் வினைச்சொற்களுள் 'ரீட்' என்பதும் ஒன்று. படி, வாசி, ஓது என்று தமிழில் பொருள் சொல்லிவிட்டு ஆசிரியர் மேலே சென்றுவிடுவார். நிகழ்காலத்திலும் இறந்தகாலத்திலும் எழுத்தால் ஒன்றாகவும் ஒலியால் வேறாகவும் நிற்கும் அதன் விசித்திரத்தைச் சுட்டிக்காட்டி எச்சரிப்பதோடு அவர் கடமை முடிந்துவிடும். ஆனால் இச்சிறு சொல்லுக்குள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு அடங்கிக் கிடக்கிறது. அரியணை இழந்த மன்னர் ஒருவரின் கதை அதில் உண்டு. தூக்குக் கயிற்றிலிருந்து தப்பியவர்களின் கதையும், எழுத்தறிவே குற்றமாக்கப்பட்ட மக்களின் கதையும் உண்டு. யாவற்றினும் வியப்புக்குரியது, இச்சொல் பிறந்தபோது இதற்கும் புத்தகத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்பதே.

பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் 'ரேடன்'. அறிவுரை கூறுதல், கூடி ஆலோசித்தல், ஆட்சி செலுத்துதல், ஊகித்தல், மறைபொருளை விடுவித்தல் ஆகியவை அதன் பொருள்கள். இதே வேரிலிருந்து பிறந்த 'ரேடு' என்னும் பெயர்ச்சொல் அறிவுரையையும் ஆலோசனையையும் குறித்தது. ஆங்கிலத்தின் உடன்பிறப்பான ஜெர்மன் மொழியில் இன்றும் 'ராதன்' என்றால் ஆலோசனை கூறுதல் அல்லது ஊகித்தல்தான். ஆலோசனைச் சபைக்கு அங்கே 'ராத்' என்று பெயர். ஜெர்மனியின் நகரங்களில் ஊராட்சி நடைபெறும் மாளிகையை 'ராத்ஹவுஸ்' என்பார்கள். அதாவது ஆலோசனை மன்றம். டச்சு மொழியிலும் இதே நிலைதான். வடமொழியில் 'நிறைவேற்றுதல்' என்னும் பொருளுடைய 'ராத்' என்ற வினையடியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே என்று மொழிநூலார் கருதுகின்றனர். நாம் அன்றாடம் கேட்கும் 'ஆராதனை' அவ்வடியிலிருந்து வந்ததுதான். இத்தனை கிளைகள் விட்ட குடும்பத்தில், நூலைப் படிப்பதற்குரிய பொதுச்சொல்லாக இவ்வினையை ஆக்கிக்கொண்டது ஆங்கிலம் மட்டுமே.

பிற மொழியினர் என்ன செய்தார்கள்? லத்தீன் மொழியில் படித்தலைக் குறிக்கும் 'லெகெரெ' என்னும் சொல்லின் முதற்பொருள் பொறுக்கிச் சேர்த்தல் என்பதாகும். எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் பொறுக்கி ஒன்றுசேர்ப்பதே படிப்பு என்று உரோமானியர் கண்டனர் போலும். விரிவுரைக்கு நாம் வழங்கும் 'லெக்சர்', பாடத்தைக் குறிக்கும் 'லெஸன்', தேர்தலைக் குறிக்கும் 'எலெக்ஷன்' ஆகிய மூன்றும் இந்த வேரில் முளைத்தவை. மாவட்டந்தோறும் வீற்றிருக்கும் கலெக்டரும் இக்குடும்பத்தவரே. அவர் அன்று வரியைச் சேர்த்தவர். ஜெர்மானியரும் 'சேர்த்தல்' என்னும் பொருளுடைய தம் சொந்தச் சொல்லாகிய 'லேஸன்' என்பதையே படிப்புக்கு ஆக்கிக்கொண்டனர். திராட்சை அறுவடைக்கு அவர்கள் இன்றும் அதே சொல்லை வழங்குகின்றனர்.

அரபு மொழி ஓதியவர்களுக்கு இவ்விடத்தில் ஒன்று நினைவுக்கு வரும். ஹிஜ்ரி 711இல் மறைந்த இப்னு மன்ழூர், தம் 'லிஸானுல் அரப்' என்னும் பேரகராதியில் 'கரஅ' என்னும் வினைக்கு ஒன்றுசேர்த்தல், ஒன்றோடொன்றை இணைத்தல் என்னும் பொருளையும் தருகிறார். ராகிப் அல்-இஸ்பஹானீயும், எழுத்துகளையும் சொற்களையும் ஒன்றோடொன்று இணைப்பதே 'கிராஅத்' என்று விளக்குகிறார். திருக்குர்ஆன் என்னும் பெயரும் இவ்வினையடியிலிருந்து வந்ததென்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்தாதலால், இச்சொல்லை நம் முன்னோர் எத்துணை நுணுக்கமாக ஆராய்ந்திருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அரபின் உடன்பிறப்பாகிய ஹீப்ரு மொழியில் இதே சொல் கூவி அழைத்தலையும் குறிக்கும். கிரேக்கரோ படித்தலை 'மீண்டும் அறிந்துகொள்ளுதல்' என்றனர். சேர்த்தல், கூவுதல், மீண்டும் அறிதல் என்று மக்கள் பலவாறு பெயரிட்டுக்கொண்டிருக்க, ஆங்கிலேயரின் முன்னோர் மட்டும் அதை 'ஊகித்து விடுவித்தல்' என்று அழைத்தனர். 'சேர்த்தல்' என்னும் சொல் அவர்களிடமும் இல்லாமலில்லை. அறுவடை முடிந்த வயலில் ஏழைகள் சிந்திய கதிர் பொறுக்குவதைக் குறிக்கும் வட்டார வழக்காக அது நெடுங்காலம் எஞ்சி நின்றது. புத்தகத்துக்கு அருகில் மட்டும் அது வரவில்லை.

காரணத்தை அவர்களுடைய பழைய எழுத்துமுறையில் தேடுகின்றனர் அறிஞர். கி.பி. 597இல் உரோமாபுரியிலிருந்து வந்த பாதிரிமார் கெண்ட் நாட்டில் கால் வைத்த பின்னரே லத்தீன் எழுத்து அம்மக்களிடையே பரவியது. அதற்கு முன்பு அவர்களிடம் இருந்தவை 'ரூன்' எனப்படும் கோட்டெழுத்துகள். மரத்திலும் எலும்பிலும் கல்லிலும் உலோகத்திலும் கீறப்பட்டவை அவை. எழுதுதலைக் குறிக்கும் 'ரைட்' என்னும் ஆங்கில வினைக்கும் ஆதிப்பொருள் கீறுதல், செதுக்குதல் என்பதே. 'ரூன்' என்னும் சொல்லுக்கோ இரகசியம், மறைபொருள் என்று பொருள். ஒரு வாளின் மீதோ பேழையின் மீதோ கீறப்பட்டிருக்கும் சில கோடுகளைக் கண்டு, இன்னது சொல்கிறது என்று கூறவல்லவன் ஊரில் ஒருவனோ இருவரோ இருந்திருப்பார்கள். அவன் செய்தது எழுத்துக் கூட்டும் வேலையன்று, புதிர் அவிழ்க்கும் வேலை. சுவீடன் நாட்டில் இன்றும் நிற்கும் ரூன் கற்கள் சிலவற்றில், வல்லவன் இதை விடுவிக்கட்டும் என்று பார்ப்போரை அறைகூவி அழைப்பதற்கு இந்த வினையின் வடமொழி வடிவமே, அதாவது ஐரோப்பிய வடபுலத்தாரின் வடிவமே, பயன்படுத்தப்பட்டுள்ளது.

புதிர் என்றதும் இன்னொரு சொல் இங்கே வந்து ஒட்டிக்கொள்கிறது. விடுகதையைக் குறிக்கும் 'ரிடில்' என்னும் ஆங்கிலச் சொல் 'ரேடன்' பெற்ற பிள்ளை. பழைய வடிவம் 'ரேடெல்ஸ்'. கடைசியில் நின்ற 'ஸ்' ஒலியைப் பன்மை விகுதி என்று பிழையாக எண்ணிய பிற்காலத்தார் அதை வெட்டி எறிந்துவிட்டு, ஒருமை வடிவம் ஒன்றைத் தாமே உண்டாக்கிக்கொண்டனர். பத்தாம் நூற்றாண்டில் எழுதப்பட்டு எக்ஸிடர் நகரத் தேவாலயத்தில் பாதுகாக்கப்படும் ஏட்டுச் சுவடி ஒன்றில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட விடுகதைப் பாடல்கள் உள்ளன. நூலை அரித்துத் தின்னும் புழுவைப் பற்றிய விடுகதையும் அவற்றுள் ஒன்று. சொற்களை விழுங்கியும் அப்புழு அறிவாளியாகவில்லை என்பது அதன் நயம். எழுத்தைக் கண்ணால் மேய்வது வேறு, அதன் உட்பொருளை விடுவிப்பது வேறு என்ற வேறுபாட்டை அப்புலவர் நன்கு உணர்ந்திருந்தார்.

அறிவுரை என்ற பொருளும் நூல் படித்தல் என்ற பொருளும் ஒரே சொல்லில் இணைந்து வாழ்ந்த காலத்துக்கு மன்னர் ஆல்பிரட் நல்ல சான்று. 871 முதல் 899 வரை வெஸ்ஸெக்ஸ் நாட்டை ஆண்ட அவருடைய பெயரிலேயே இந்த 'ரேடு' இருக்கிறது. வனதேவதைகளின் அறிவுரை பெற்றவர் என்பது அப்பெயரின் பொருள். அவர் பன்னிரண்டு வயது வரையிலோ அதற்கு மேலோ எழுத்தறியாதவராகவே இருந்தார் என்று அவர் காலத்திலேயே அவர் வரலாற்றை எழுதிய பாதிரியார் ஆஸ்ஸர் கூறுகிறார். டேனியரின் படையெடுப்பால் மடாலயங்கள் அழிந்து, லத்தீன் அறிந்தோர் அருகிப்போன காலம் அது. முக்கியமான லத்தீன் நூல்களை நாட்டு மொழியில் பெயர்த்து, வசதியுள்ள குடியானவரின் பிள்ளைகளெல்லாம் ஆங்கில எழுத்தைப் படிக்கும்வரை கற்க வேண்டுமென்று விரும்பினார் ஆல்பிரட்.

தீர்ப்பு வழங்கும் பெருமக்களிடம் அவர் நடந்துகொண்ட முறை இன்னும் சுவையானது. முறையற்ற தீர்ப்பு ஒன்று தம் காதுக்கு எட்டினால், அதை வழங்கியவரை அழைத்து, கல்வியைத் தேடிக்கொள், இல்லையேல் பதவியை விட்டு இறங்கு என்பாராம். போர்க்களமன்றி வேறொன்றும் அறியாத கோமான்கள் முதிர்ந்த வயதில் எழுத்துக் கூட்டக் கற்றனர். முதுமையால் இயலாதவர்களுக்கு அவர்களுடைய மகனோ உறவினனோ, அதற்கும் வழியில்லையாயின் அடிமையாவது, இரவும் பகலும் ஆங்கில நூல்களைப் படித்துக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. இளமையில் கல்லாது விட்டோமே என்று அவர்கள் பெருமூச்செறிந்ததாக ஆஸ்ஸர் தம் நூலை முடிக்கும் இடத்தில் எழுதுகிறார். நல்ல 'ரேடு' வழங்க வேண்டியவன் 'ரேடன்' அறிந்திருக்க வேண்டும் என்பது அம்மன்னரின் கொள்கை. ஒரு சொல்லின் இரு பொருளையும் ஓர் ஆட்சிமுறையாகவே அவர் ஆக்கிக் காட்டினார் எனலாம்.

அவருடைய வழித்தோன்றல் ஒருவருக்கு அதே சொல் அழியாத வசையாக அமைந்தது. 978இல் அரியணை ஏறிய எதெல்ரெட் என்னும் மன்னரின் பெயருக்கு உயர்ந்த ஆலோசனை என்று பொருள். டேனியர் கப்பல் கப்பலாக வந்து இறங்கியபோது, வாளுக்குப் பதிலாகப் பொன் கொடுத்துத் திருப்பி அனுப்பும் யோசனை அவருக்குச் சொல்லப்பட்டது. 991இல் கொடுத்தது 10,000 பவுன். 994இல் 16,000. 1002இல் 24,000. வாங்கிச் சென்றவன் பசி தீராமல் திரும்பி வந்தான். அவ்வாண்டு நவம்பர் 13ஆம் நாள் தம் நாட்டில் வாழ்ந்த டேனியரைக் கொன்றுவிடுமாறு கட்டளையிட்டு, முன்னதனினும் கொடிய பழியைத் தேடிக்கொண்டார். இறுதியில் 1013இல் டேனிய மன்னர் ஸ்வேன் நாட்டைக் கைப்பற்ற, எதெல்ரெட் கடல் கடந்து நார்மண்டிக்கு ஓடினார். அடுத்த ஆண்டே திரும்பி வந்து 1016இல் மறையும்வரை ஆண்டாரெனினும் பெயர் மீளவில்லை. அவர் மறைந்து நூறாண்டுகளுக்கும் பிற்பட்ட ஏடுகளில் அவருக்கு 'உன்ரேடு' என்னும் அடைமொழி காணப்படுகிறது. கெட்ட ஆலோசனை என்பது அதன் பொருள். 'நல்லாலோசனைக் கெட்டாலோசனை' என்பது போன்ற சொல்விளையாட்டு அது. பின்வந்தோர் 'ரேடு' என்பதன் பொருளை மறந்துபோய், அவ்வசையை 'அன்ரெடி', அதாவது ஆயத்தமில்லாதவர் என்று திரித்துக்கொண்டனர். பள்ளி வரலாற்று நூல்களில் இன்றும் அவர் அப்படியே நிற்கிறார். ஆயத்தமின்மையன்று, அறிவுரையின்மையே அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம் என்பதை அறிந்தோர் சிலரே.

மக்கள் ஏன் மறந்தார்கள்? 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின் அரசவையிலும் வழக்கு மன்றத்திலும் பிரெஞ்சு மொழி அமர்ந்துகொண்டது. அறிவுரைக்கு 'கௌன்சல்', 'அட்வைஸ்' என்னும் பிரெஞ்சுச் சொற்கள் வந்தன. ஆளுவோரின் மொழி அறிவுரையை எடுத்துக்கொள்ள, பழைய நாட்டுச் சொல்லுக்குப் புத்தகம் மட்டுமே மிஞ்சியது. ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில் ஒபீலியா அறிவுரை என்னும் பொருளில் 'ரீட்' என்னும் சொல்லை ஓரிடத்தில் ஆளுகிறாள். பதினேழாம் நூற்றாண்டுக்குப் பின் அது பெரும்பாலும் பழமை விரும்பும் கவிஞரின் சொல்லாயிற்று. அதற்கு எழுத்தையும் சற்று மாற்றி எழுதத் தொடங்கினார்கள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவரும் இவ்வாறு வேறு வேறு வீட்டாராயினர்.

புத்தகத்தோடு தனித்து நின்ற இச்சொல் அடுத்து ஏறிய இடம் நீதிமன்றம். பாதிரிமாரை அரசனின் நீதிமன்றம் தண்டிக்கலாகாது, திருச்சபையின் மன்றமே விசாரிக்க வேண்டும் என்னும் சலுகை இங்கிலாந்தில் இருந்தது. இரண்டாம் ஹென்றி மன்னருக்கும் 1170இல் கொல்லப்பட்ட பேராயர் தாமஸ் பெக்கெட்டுக்கும் மூண்ட பகைக்கு இதுவும் ஒரு காரணம். ஒருவன் பாதிரியா அல்லனா என்பதை எப்படி அறிவது? அக்காலத்தில் எழுத்தறிந்தோர் பெரும்பாலும் பாதிரிமாரே. ஆகையால் படிக்கத் தெரிந்தவன் பாதிரி என்று கொள்ளும் வழக்கம் பதினான்காம் நூற்றாண்டளவில் நிலைபெற்றது. கொலைக் குற்றவாளியாயினும் திருடனாயினும் அவன் கையில் லத்தீன் வேத நூலைக் கொடுப்பார்கள். வழக்கமாகத் திறக்கப்படும் பகுதி சங்கீதம் 51. நபி தாவூத் (அலை) அவர்கள் இறைவனிடம் கருணை வேண்டி உருகியதாகக் கிறிஸ்தவர்கள் போற்றும் பாடல் அது. அதன் முதல் அடியைப் படித்துவிட்டால், திருச்சபையின் சார்பில் அங்கே நிற்பவர் 'லெகித்' என்பார். படிக்கிறான் என்று பொருள். தலை தப்பியது. 'நோன் லெகித்' என்றால் தூக்கு. அந்த அடிக்கு மக்கள் 'கழுத்து வசனம்' என்றே பெயரிட்டுவிட்டனர்.

எழுத்தறியாத கள்வர் பலர் அந்த ஓரடியை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டனர் என்பதில் வியப்பில்லை. சட்டமும் சும்மா இருக்கவில்லை. உண்மையில் பாதிரியல்லாதவன் இச்சலுகையை ஒருமுறைதான் பெறலாம் என்று 1489இல் விதித்து, பெற்றவன் பெருவிரலில் காய்ச்சிய இரும்பால் அடையாளம் இட்டனர். ஷேக்ஸ்பியரின் காலத்து நாடகாசிரியராகிய பென் ஜான்சன், 1598இல் கேப்ரியல் ஸ்பென்சர் என்னும் நடிகரை வாட்போரில் கொன்றுவிட்டு, இவ்வாறு படித்துக்காட்டிப் பெருவிரல் சூட்டோடு உயிர் தப்பினார். அவர் லத்தீன் வல்லவர். மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை அவருக்கில்லை. பாதிரியாக ஆக முடியாத பெண்களுக்கோ இந்த வாயிலே அடைக்கப்பட்டிருந்தது. 1691இல்தான் இவ்வகையில் ஆடவருக்கு நிகரான நிலை அவர்களுக்குக் கிடைத்தது. படிப்புச் சோதனை 1706இல் நீக்கப்பட்டது. சலுகை முழுவதும் 1827இல் ஒழிந்தது. ஒரே குற்றத்தைச் செய்த இருவருள் எழுத்தறிந்தவன் வீடு திரும்ப, எழுத்தறியாதவன் தூக்கில் தொங்கிய கொடுமை நூற்றாண்டுகள் நீடித்தது. குமாஸ்தாவைக் குறிக்கும் 'கிளார்க்' என்னும் சொல்லே பாதிரி என்னும் பொருளில் பிறந்தது என்று சொன்னால் நம் அலுவலகத்து நண்பர்கள் நம்புவார்களோ என்னவோ!

படித்தல் என்றால் வாய்விட்டுப் படித்தல் என்பதே நெடுங்கால வழக்கு. பாராளுமன்றத்தில் ஒரு மசோதாவுக்கு முதல் 'ரீடிங்', இரண்டாம் 'ரீடிங்', மூன்றாம் 'ரீடிங்' என்று மூன்று படிகள் உள்ளன. கையெழுத்துப் பிரதிகள் அருமையாயிருந்த காலத்தில் அவையின் எழுத்தர் அதை உரக்கப் படித்துக் காட்டியதன் எச்சம் அது. இந்தியப் பாராளுமன்றமும் அம்முறையை ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்தில் 1715இல் நடைமுறைக்கு வந்த கலகச் சட்டமும் இத்தகையதே. பன்னிருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கலகம் விளைவிக்கக் கூடியிருந்தால், அதிகாரி ஒருவர் அவர்கள் முன் நின்று கலைந்து செல்லுமாறு அறிக்கையைப் படிப்பார். படித்த ஒரு மணி நேரத்துக்குப் பின்னும் நின்றவருக்கு மரண தண்டனை என்றது சட்டம். முன்பு படித்தவன் உயிரைக் காத்த சொல், இங்கே கேட்டவன் உயிருக்கு உலையாயிற்று. கடுமையாகக் கண்டித்தான் என்பதை 'கலகச் சட்டத்தைப் படித்தான்' என்று ஆங்கிலேயர் இன்றும் சொல்வர்.

பல்கலைக்கழகத்தில் சட்டம் பயில்வதைச் சட்டம் 'ரீட்' செய்வதாகக் கூறுவதும் ஆசிரியரிடமிருந்து காதால் கேட்டுக் கற்ற காலத்தின் வழக்கே. மதரஸாவில் சேர்ந்த பிள்ளையை நம் மக்கள் 'ஓதுகிறான்' என்று சொல்வதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பின்னர் முகத்தைப் படித்தல், மனத்தைப் படித்தல், கைரேகை படித்தல் என்றெல்லாம் பொருள் விரிந்தது. வெப்பமானியும் மின்சார மீட்டரும் தாமே 'ரீட்' செய்வதாகச் சொல்லலாயினர். கணிப்பொறியும் இன்று படிக்கிறது. வானொலியில் பேசும் விமானி, நான் சொல்வது கேட்கிறதா என்பதற்கும் இதே வினையைத்தான் ஆளுகிறார். இவை புதுமை போலத் தோன்றினும், முகத்தைக் கண்டு உள்ளத்தை ஊகிப்பது, குறியைக் கண்டு பொருளை விடுவிப்பது என்று பார்த்தால் பழைய 'ரேடன்' மீண்டும் தலைகாட்டுவது தெரியும்.

இச்சொல் கப்பலேறி அமெரிக்கா சென்றபோது நேர்ந்ததைச் சொல்லாமல் முடிக்க இயலாது. ஆல்பிரட் மன்னர், கற்க மறுப்பவனைப் பதவி நீக்குவேன் என்றார். அடிமையாவது படித்துக் காட்டட்டும் என்றார். அவர் மொழியைப் பேசிய வட கரோலினா மாநிலத்தின் சட்டமன்றமோ, 1830–31ஆம் ஆண்டுக் கூட்டத்தில், அடிமைகளுக்குப் படிக்கவும் எழுதவும் கற்பிப்பதைக் குற்றமாக்கிற்று. எண்களைக் கற்பிக்க மட்டும் விலக்கு அளித்தது; கணக்குத் தெரிந்த அடிமை எசமானுக்குப் பயன்படுவான் அல்லவா! படிக்கக் கற்றால் அடிமைகளின் உள்ளத்தில் மனக்குறை மூளும், கிளர்ச்சி தோன்றும் என்று அச்சட்டத்தின் முகவுரையே ஒப்புக்கொள்கிறது. அடிமையே அடிமைக்குக் கற்பித்தால் முப்பத்தொன்பது கசையடி. படிப்பின் வலிமையை இதைவிடத் தெளிவாக அறிந்திருந்தோர் எவரும் இலர்.

அதே மாநிலத்தில், அதே 1831இல், உமர் இப்னு ஸயீத் என்னும் அடிமை தம் வாழ்க்கை வரலாற்றை அரபு மொழியில் எழுதினார். ஏறத்தாழ 1770இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபூத்தா தோரோவில் பிறந்து, உலமாக்களிடம் இருபத்தைந்து ஆண்டுகள் ஓதியவர் அவர். 1807இல் சிறைபிடிக்கப்பட்டு சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்டார். கொடிய எசமானிடமிருந்து தப்பியோடி, ஃபாயெட்வில் என்னும் ஊரில் பிடிபட்டுச் சிறையில் கிடந்தபோது, கரித்துண்டால் சுவர்களில் அரபு எழுதியதாகச் சொல்வர். அதைக் கண்டவர்கள் வியந்தனர்; படிக்க வல்லார் அங்கே எவருமில்லை. பின்னர் ஓவன் என்னும் குடும்பத்தார் அவரை வாங்கினார்கள். தம் வரலாற்றை அவர் தொடங்கியது ஆட்சியனைத்தும் இறைவனுக்கே உரியது என்று பறைசாற்றும் ஸூரா அல்-முல்கை எழுதித்தான். மனிதன் மனிதனை உடைமையாக்கிக்கொண்ட வீட்டில் இருந்துகொண்டு அவர் அதைத் தேர்ந்தெடுத்தது தற்செயலன்று என்பதே நம் துணிபு. அந்தக் கையெழுத்துச் சுவடியை அமெரிக்கப் பாராளுமன்ற நூலகம் 2017இல் பெற்றுக்கொண்டது.

விடுதலை பெறாமலேயே மறைந்த அவர் கிறிஸ்தவ சமயத்தில் சேர்ந்துவிட்டதாகச் சுற்றியிருந்தோர் பெருமையோடு பேசிக்கொண்டனர். 1857இல், முதிர்ந்த வயதில், அவர் அரபில் எழுதிக்கொடுத்த தாள் ஒன்று கிடைத்துள்ளது. அதன் பின்புறத்தில் வேறொருவர் ஆங்கிலத்தில் குறித்து வைத்திருக்கிறார்: இயேசு கற்பித்த ஜெபத்தை இம்முதியவர் அரபு மொழியில் எழுதியது இது, இவர் பக்தியுள்ள கிறிஸ்தவர் என்று. தாளைத் திருப்பிப் பார்த்தால் இருப்பது ஸூரா அந்-நஸ்ர்.